பன்னிரண்டு நிமிட வரப்பு

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. ஒருவரைப் பற்றி எழுதும் முன் அவரைக் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய கட்சி; நான் இன்னும் கேட்கவில்லை. இப்போது வடக்கே ஏதோ ஒரு ஊரில், வேலையும் குடும்பமுமாக இருக்கிறாராம். நன்றாக இருக்கிறாரா என்று யாராவது என்னைக் கேட்டால், போய்ப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். இப்படிப் பேசுவதும் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்தான்.

எங்கள் குழுவில் எல்லாருக்கும் அவர் அக்கா. என்னைவிட ஒரு வயது இளையவர். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மரக்காணத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டற்ற மென்பொருள் குழு என்று கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருப்போம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற மென்பொருள்மேல் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் வருவோம். பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுப்போம், செயலிகளில் வரும் சொற்களைத் தமிழில் மாற்றுவோம், சண்டை போடுவோம். அதே வகையில் ஒரு வரைபடமும் உண்டு. உலகத்தில் எவரும் வரையலாம், எவரும் திருத்தலாம். அதில் நம் ஊரை வரைவதுதான் அப்போது எங்கள் பெரிய வேலை.

அவர் முதல்முதலாக வந்த அன்று நான் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் மரக்காணத்தில் நாற்பது தெருவை வரைந்திருந்தேன். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, கோடு கோடாக இழுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எத்தனை தெருவுலண்ணா நடந்து பாத்தீங்க?”

ஆம்பளைச் சட்டை ஒன்றைச் சுடிதார்மேல் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்திருந்தார்.

“படத்துலயே தெளிவா தெரியுதுங்களே,” என்றேன்.

“அந்தக் கடைசி தெரு வாய்க்காலுங்க. உப்பளத்துக்குத் தண்ணி போற வாய்க்கா. முழங்கால் ஆழம்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் மரக்காணத்தில் பிறந்து வளர்ந்தவன். அவர் கீழ்புத்துப்பட்டு. என் ஊரில் எது வாய்க்கால், எது தெரு என்று வெளியூர்ப் பெண் வந்து சொல்ல வேண்டுமா? வீட்டுக்குப் போகும் வழியில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வாய்க்கால்தான்.

ஆரோவில்லில் சோலார் பம்பு பழுது பார்ப்பது அவர் வேலை. வேலை முடிந்தால் மொபெட்டை ஈசிஆர் ரோட்டுப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு, கைப்பேசியில் நடந்த தடம் பதிகிற செயலியைத் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிவிடுவார். உப்பள வரப்பு களிமண். செருப்பைப் பிடித்து இழுக்கும். வெயிலில் பாத்திகளின் வெள்ளை கண்ணைக் கூசும். அவர் பாட்டுக்குப் போவார், நிற்பார், எதையோ குறிப்பார். உப்பு வாருகிறவர்கள் முதலில் பயந்தார்கள். கையில் போனோடு வரப்பில் நடக்கிறவர் யாராக இருந்தாலும் நிலம் அளக்கத்தான் வந்திருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

“இன்னாம்மா, சர்வேவா?” என்று அஞ்சலை என்ற அம்மாள்தான் முதலில் கேட்டதாம். பாத்திகளுக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து உப்பள வேலைக்கு வருகிறவர்.

“சர்வே இல்லக்கா. வழி எழுதறேன். நீங்க எந்த வழியா வந்தீங்க?”

“இதோ, இந்த வரப்பு மேலதான். எங்கம்மா காலத்துலேருந்து இதான் வழி.”

“கூட வரவா?”

அன்றைக்கு அஞ்சலையோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து காலனிவரை நடந்து, திரும்பியும் நடந்து, அந்த வரப்பை ஒத்தையடிப் பாதை என்று வரைபடத்தில் சேர்த்தார். சேர்க்கிறபோது ‘என்ன மாற்றினீர்கள்?’ என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். நாங்களெல்லாம் அதில் ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வோம். அவர் எழுதியது: “இன்று நடந்தேன். காலனியிலிருந்து பஸ் நிறுத்தம். 12 நிமிடம்.” அந்தப் பாதை இல்லாவிட்டால் காலனிக்காரர்கள் தார் ரோட்டைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான், கர்ப்பிணிகளும்தான்.

ஒரு தடவை எழுதியதோடு விட மாட்டார். மழைக்குப் பிறகு ஒரு முறை, கோடையில் ஒரு முறை என்று நாலு வருஷம் அதே வரப்பில் நடந்து நடந்து தடம் ஏற்றினார். எதுக்குக்கா என்றால், “போன வருஷம் இருந்துச்சுன்னா இந்த வருஷமும் இருக்கும்னு யாரு சொன்னாங்க?” என்பார்.

அவரோடு பழகுவது லேசு என்று சொல்ல மாட்டேன். சில நாள் மண்டை காய்ந்துவிடும். கூனிமேட்டில் ஒரு பாய் டீக்கடை. கடை திறக்கும் நேரத்தையும் வரைபடத்தில் போடலாம். பாயைக் கேட்டால், “இன்ஷா அல்லாஹ், ஆறு மணிக்கெல்லாம் தொறந்துடுவோம்மா,” என்றார். யாராக இருந்தாலும் ஆறு என்று போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவார்கள். இவர் இரண்டு நாள் விடியற்காலையில் மொபெட்டில் போய்க் கடை வாசலில் நின்றிருக்கிறார். ஆறு இருபது என்று போட்டார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது பாய் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, நான் ஆறுன்னு சொன்னேனா இல்லையா? உலகம் பூரா என்னை சோம்பேறின்னு எழுதி வச்சிட்டியே!”

“நான் வந்தப்ப ஆறு இருவது பாய். நாளையிலேருந்து ஆறுக்குத் தொறங்க, வந்து பாத்துட்டு மாத்திடறேன்.”

பாய் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒரு மாதத்தில் கடை ஆறு மணிக்குத் திறக்க ஆரம்பித்தது, அதுவும் உண்மை.

மொழிபெயர்ப்பிலும் இதே கூத்து. ஒரு பொத்தானுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து நான் அனுப்பினால், அந்தப் பொத்தானைத் தானே அழுத்தி, அது என்ன செய்கிறது என்று பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டார். ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவருக்கு என் மனைவி மீன் குழம்பை ஊற்றிவிட்டு, “நல்லா இருக்குதா?” என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தாள். “இன்னும் வாயில வைக்கலையேக்கா,” என்றார். சாப்பிட்டுவிட்டு உப்பு ஒரு கல் கம்மி என்றார். உப்பளக்காரன் வீட்டில் உப்பு கம்மியாம். என் மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

உப்பளக்காரன் வீடு என்றேன். எங்கள் சித்தப்பாவுக்குக் குத்தகைப் பாத்திகள் உண்டு. அப்பா போன பிறகு எங்களை வளர்த்து, என்னைப் படிக்கவைத்து, நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தபோது திறந்துவைத்தவரும் அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

ஒருநாள் சென்டருக்கு வந்தவர் என் திரையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டார்.

“இன்னாடா இது? நம்ம வரப்புல எவனோ ரோடு போட்டு வச்சிருக்கான்?”

“ரோடு இல்ல சித்தப்பா. ஒத்தையடிப் பாதை. எங்க குழுவுல போட்டது.”

“பாதையாவது ஒண்ணாவது. கண்டவன் நடந்து நடந்து வரப்பு கரையுது. அத வெட்டி ரெண்டு பாத்திய ஒண்ணாக்கலாம்னு இருக்கேன். இத மொதல்ல எடுத்துடு.”

“அது பொது படம் சித்தப்பா…”

“டேய். எடுடா.”

எடுத்தேன். மூன்று தட்டு, அவ்வளவுதான். பெட்டி கேட்டது: என்ன மாற்றினீர்கள்? காலியாக விட மனமில்லை, எழுதவும் கை வரவில்லை. ஒரு புள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள் பாதை திரும்ப வந்திருந்தது. “இன்று நடந்தேன். பாதை இருக்கிறது. 12 நிமிடம்.”

அந்த வரைபடத்தில் எதுவும் ஒரேயடியாக அழிவதில்லை. யார், எந்த நாளில், எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று எல்லாம் வரலாற்றில் நிற்கும். என் கணக்குக்கு உப்புக்காற்று என்று பெயர் வைத்திருந்தேன். அது நான்தான் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். அக்காவும் பார்த்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன்.

“அண்ணா, டீ சொல்லட்டுமா?” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் சித்தப்பா வரப்பின் இரண்டு முனையிலும் முள்வேலி போட்டார். அன்று சாயங்காலமே வரைபடத்தில் இரண்டு வேலிக் குறிகள் வந்தன. “இன்று நடந்தேன். வேலி போட்டிருக்கிறது. அடியில் குனிந்து போனேன். 15 நிமிடம்.” அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தபோது அந்தச் சட்டையின் தோளில் ஒரு கிழிசல் இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலனிக்காரர்கள் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார்கள். விசாரணைக்குத் தேதி வந்தது. அதற்கு முந்தைய நாள் சித்தப்பா என்னிடம் கேட்டார்.

“நீ அன்னிக்கு எடுத்தியே, அதுக்கு ரசீது மாதிரி எதுனா இருக்குமா?”

“இருக்கும் சித்தப்பா. அதுல எதுவுமே அழியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய வாக்கியம், தானாக வந்துவிட்டது. அவர் நின்றுகொண்டே இருந்தார். நானே அச்சடித்துக் கொடுத்தேன். உப்புக்காற்று, பாதை நீக்கம், ஒரு புள்ளி.

தாலுகா ஆபீசில் ஒரு பக்கம் அஞ்சலையும் காலனி ஆட்களும். கூடவே அக்கா, நாலு வருஷத் தடங்களை அச்சடித்துக் கட்டாக வைத்திருந்தார். இன்னொரு பக்கம் சித்தப்பா, அவருக்குப் பின்னால் நான். அதிகாரி நிதானமானவர். அக்காவின் கட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“இது யார் வேணா வரையற படம்தானேம்மா?”

“ஆமாங்க சார். யார் வேணா திருத்தவும் செய்யலாம். யார் திருத்துனாங்கன்னு யார் வேணா பாக்கவும் செய்யலாம்.”

சித்தப்பா அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி என் தாளை நீட்டினார். “அததான் சார் நானும் சொல்றேன். இவங்க குழுவுல இருக்கற ஆளே, அங்க பாதை இல்லன்னு எடுத்திருக்காரு. பாருங்க.”

அதிகாரி படித்தார். “யாரும்மா இந்த உப்புக்காற்று? உங்க ஆளா?”

“எங்க குழுதான் சார்.”

“அவர் ஏன் எடுத்தாரு? பாதை இல்லங்கறதாலதானே?”

அஞ்சலை எங்கள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். இதோ இந்தப் பெரியவர் பின்னால் நிற்கிறானே, இவருடைய அண்ணன் மகன், அவன்தான் என்று கை காட்டினால் முடிந்தது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“தெரியாதுங்க சார்,” என்றார். “நான் நடந்த வழிய சொல்ல முடியும். அவர் மனசுக்குள்ள நான் நடந்து பாக்கலையே.”

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அறையில் சிலர் சிரித்தார்கள். காலனி ஆட்களின் முகம் விழுந்துவிட்டதைப் பார்த்தேன். இந்த மனுஷி இப்போதும் எனக்கு இடம் விட்டுவைக்கிறாரே என்று நினைத்ததும் ஓரடி முன்னால் வந்தேன்.

“சார், அது நான்தான்,” என்றேன்.

சித்தப்பா மெதுவாகத் திரும்பினார். “டேய், இன்னாடா?” என்றார், கோபம்கூட இல்லாமல்.

அதிகாரி என்னைக் கிட்டே கூப்பிட்டார். “நீங்களா? பாதை இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு சார்.”

“நடந்திருக்கீங்களா?”

பிறந்ததிலிருந்து அந்த ஊர். எங்கள் குடும்பத்துப் பாத்தி. அந்த வரப்பில் ஒருநாளும் நான் நடந்ததில்லை. எனக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே இருந்ததில்லை.

“இல்ல சார். நடந்ததில்ல. ஆனா எடுத்தது நான். சித்தப்பா எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டேன். இருக்கறதத்தானே சார் எடுக்க முடியும்?”

அதிகாரி பேனாவை மூடினார். “சரி, வாங்க. நேரா போயே பாத்துடலாம்.”

ஜீப்பில் அவரும், பின்னால் ஒரு வேனில் மற்றவர்களும் போனோம். சித்தப்பா தன் வண்டியில் தனியாக வந்தார். பஸ் ஸ்டாப் பக்கத்து வேலியை அதிகாரி முன்னாலேயே ஆள் வைத்துப் பிரித்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வரப்பின் நடுவில் ஒரு பாதம் அகலத்துக்கு மண் இறுகிப் பளபளவென்று இருந்தது. இரண்டு ஓரத்திலும் புல்லும் பூண்டும் முளைத்திருந்தன. எத்தனை வருஷம் எத்தனை கால் நடந்தால் களிமண் அப்படி இறுகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதிகாரியே குனிந்து பார்த்தார். காலனி முனைக்குப் போய்ச் சேர்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “பன்னண்டு நிமிஷம்தான் ஆவுது,” என்றார். அஞ்சலை அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது. வேலி போகணும், வரப்பை யாரும் வெட்டக் கூடாது என்று அதிகாரி அங்கேயே எழுதி, எல்லாரும் கேட்க வாசித்தார்.

சித்தப்பா என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறேன். பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது.

அன்றைக்கு எல்லாரும் கலைந்து பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிய பிறகு அக்கா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். மன்னிச்சிடுங்கக்கா என்று சொல்ல வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன்.

“அண்ணா, நடந்தப்ப தடம் பதிஞ்சீங்களா?”

“இல்லக்கா. அந்த நேரத்துல எங்க…”

“அப்ப மறுபடி நடக்கணும்.”

வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. நான் கைப்பேசியை எடுத்துச் செயலியைத் தட்டிவிட்டு வரப்பில் திரும்ப இறங்கினேன். தனியாக. இரண்டு பக்கமும் பாத்தியில் உப்பு பூத்திருந்தது. களிமண் அடிக்கொரு தரம் செருப்பைப் பிடித்து இழுத்தது. பாதி வழியில் அழுகை வந்தது. பார்க்க யாருமில்லாததால் நன்றாகவே அழுதேன். காலனி முனையில் அஞ்சலை குடத்தோடு நின்றிருந்தது.

“இன்னா தம்பி, மறுபடியும் வந்துட்ட?”

“சும்மாதாம்மா. நடந்து பாக்கலாம்னு.”

“பாரு, பாரு,” என்று சிரித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து தடத்தை ஏற்றினேன். என் பழைய புள்ளி வரலாற்றில் அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்கும் எவர் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதற்கு அடியில் கருத்து எழுத இடம் உண்டு. எழுதினேன்: “பாதை இருந்தது. தெரிந்தேதான் நீக்கினேன். இன்று நடந்தேன். 16 நிமிடம்.”

ஒரு மணி நேரத்தில் அதன்கீழ் அக்காவின் பதில் வந்தது.

“12தான் ஆகும். செருப்பைக் கழற்றிட்டு நடங்கண்ணா.”